வயோதிப காலப் பணம்: துணிபவர் யார், இழப்பவர் யார்?

நட்டத்துக்கு அஞ்சுபவர் கடை திறக்க முடியாது. பெருநாளை நம்பிப் புடவை இறக்குகிறோம். மழை பிடித்துக்கொண்டால் பாதி ஸ்டொக் தேங்கி நிற்கிறது. ஆனால் அது நமது பணம், நமது தீர்மானம். நமது கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் ஊழியர் சேமலாப நிதி அப்படியல்ல. அந்தப் பணத்தின் ஆபத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிதி இது. சம்பளத்தில் 8 வீதம் ஊழியருடையது, 12 வீதம் முதலாளியுடையது. மத்திய வங்கி அதன் பெரும்பகுதியை அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில் இடுகிறது. ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் கைக்கு வரும். 'அரசாங்கத்திடம் உள்ள பணத்துக்கு என்ன ஆபத்து?' என்றுதான் நம்மில் பலர் நினைத்திருந்தோம்.

2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அந்த வருடத்துக்கு நிதி வழங்கிய வட்டி 9 வீதம். கணக்கில் ரூபாய் கூடியது. அந்த ரூபாய்க்கு வாங்கக்கூடிய அரிசி குறைந்தது.

அடுத்த அடி 2023இல் விழுந்தது. ஜூலை 1ஆம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குப் பாராளுமன்றம் அனுமதி அளித்தது. ஓய்வூதிய நிதிகள் தம்மிடமிருந்த முறிகளைக் கொடுத்து, முதல் சில வருடங்களுக்கு 12 வீதமும் பின்னர் 9 வீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளை ஏற்க வேண்டும். ஏற்றால் வரி பழையபடி 14 வீதம். மறுத்தால் முறி வருமானத்துக்கு 30 வீதம். சேமலாப நிதி ஏற்றுக்கொண்டது. வரிச் சலுகை என்று கொடுத்த ஆட்டின் கயிறு, கொடுத்தவர் கையிலேயே இருந்திருக்கிறது.

வங்கிகளின் முறிகளில் கைவைக்கவில்லை. அவை ஏற்கனவே கூடிய வரி செலுத்துகின்றன, அவற்றை அசைத்தால் வைப்பாளர்கள் பாதிக்கப்படுவர் என்று காரணம் சொல்லப்பட்டது. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பணத்துக்குச் சொந்தக்கார ஊழியருக்கு இதில் எந்தத் தெரிவும் இருக்கவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் பங்குச் சந்தையில் போடுவதா? அதுவும் மடமை. 25 வயதுப் பொடியனுக்குச் சந்தை விழுந்தாலும் எழும்வரை காத்திருக்க 30 வருடம் உண்டு. 53 வயதுக்காரருக்கு அது இல்லை. ஆகவே இருவருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்கக் கூடாது.

மலேசியாவின் சேமலாப நிதியில், 2017 முதல் விரும்பியவர் தமது சேமிப்பை ஷரீஆ அடிப்படையிலான கணக்குக்கு மாற்றலாம். தகுதியுள்ளோர் ஒரு பகுதியை அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டு நிதியங்களிலும் இடலாம். இந்தியாவின் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில், பங்குகளில் எவ்வளவு என்பதை அங்கத்தவரே ஒரு வரம்புக்குள் தெரிவு செய்யலாம். இங்கும் அப்படி ஒரு சிறு பகுதிக்காவது தெரிவு வேண்டும். வட்டியைத் தவிர்க்க விரும்புபவருக்கும் அதில் வழி இருக்க வேண்டும். தெரிவு செய்யாதவரின் பணம் இப்போதுபோல் இருக்கட்டும்.

சட்டம் மாறும்வரை நம்மால் ஆனதைச் செய்வோம். உண்மையான சம்பளத்துக்கே நிதி கட்டுங்கள். 40,000 கொடுத்துவிட்டு 20,000க்குக் கட்டினால், மத்திய வங்கி தொடுமுன்பே நாம் அந்தப் பிள்ளையின் வயோதிபத்தில் பாதியை எடுத்துவிட்டோம். அது அமானிதம். பிந்திக் கட்டினால் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் உண்டு.

நமக்கோ, முதலாளி என்ற வகையில், இந்த நிதி கிடையாது. மஹய்யாவையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை பெரும்பாலான சிறு வியாபாரிகளுக்குக் கடைதான் ஓய்வூதியம். வீதி அகலமானாலோ வியாபாரம் படுத்தாலோ அதுவும் போகும். மாதம் ஒரு தொகையைக் கடைக் கணக்கிலிருந்து பிரித்து வையுங்கள். கொள்முதலுக்கு எவ்வளவு முடை வந்தாலும் அதைத் தொடாதீர்கள். துணிந்து போடுவதை, போனாலும் வீட்டில் அடுப்பெரியும் என்ற பணத்தில் மட்டும் செய்யுங்கள்.