மகன் அடகு வச்சா முன்னேற்றம், அம்மா அடகு வச்சா மானக்கேடா?

இது திருவிழா அறிவிப்பு இல்லைங்க. கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல 55 வயசுக்கு மேல யாராவது இருந்தா, பக்கத்துல உட்கார வச்சு முழுசா படிச்சுக் காட்டுங்க.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானம் போட்டுக்கிட்டு இருந்தோம். ஒரு பாட்டி சாப்பிட்டு முடிச்ச பிறகும் எழுந்திரிக்கல. கேட்டதுக்கு, முந்தானையில மடிச்சு வச்சிருந்த கடுதாசியை எடுத்து நீட்டினாங்க. "தம்பி, இதுல என்னா போட்டிருக்கு?"

படிவம் 16டி. அடமானக் கடன் கட்டலைன்னா லெலோங்குக்கு முன்னால வர்ற நோட்டீஸ்.

பாட்டி வீடு கடன் முடிஞ்ச வீடு. பால் மரம் வெட்டின காசுல மாசாமாசம் கட்டி முடிச்சது. சில வருஷத்துக்கு முன்னால மகன் பேருக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க. மகன் அதை பேங்க்ல வச்சுக் கடை திறந்தார். கடை படுத்துடுச்சு. "ஏன் பாட்டி மாத்திக் கொடுத்தீங்க?"ன்னு கேட்டோம். "கோவில்லதான தம்பி எல்லாரும் சொன்னீங்க, இருக்கும்போதே புள்ள பேருக்கு மாத்திடுங்கன்னு."

எங்களால பதில் சொல்ல முடியல. ஆமாம், நாங்களும்தான் சொன்னோம். அந்தத் தப்புக்குப் பரிகாரமாகத்தான் இந்தப் பதிவு.

நம்ம ஜனங்களுக்கு வீடு சும்மா கிடைக்கல. தோட்டத்து லயத்துல பிறந்து, வேலை முடிஞ்ச அன்றைக்கே லயத்தைக் காலி பண்ணச் சொல்லப்பட்ட தலைமுறை இது. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் ஒரு சொந்த வீட்டுக்காக எத்தனை வருஷம் போராடினார்கள் என்று நமக்குத் தெரியும். புக்கிட் பெருந்துங் என்றால் அதிர்ஷ்டக் குன்று. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இங்கே வரிசை வரிசையா வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அப்பவும் விடாமல் கட்டி முடிச்சவங்கதான் இன்றைக்குக் கோவில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாரும் தாத்தாமாரும். இபிஎஃப் பணம் 55 வயசுல வந்தது. பிள்ளைக் கல்யாணத்துல போனது. மிச்சம் இருப்பது அந்த வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டை மகன் பேங்க்ல வச்சுக் கடை திறந்தா, "புள்ள முன்னேறுறான்"னு நாம மாலை போடுறோம். அதே வீட்டை வச்சு அம்மா அரிசிக்கும் சுகர் மருந்துக்கும் மாசம் கொஞ்சம் காசு வாங்கினா, "குடும்ப மானமே போச்சு"ன்னு பேசுறோம். ரெண்டு பேரும் வைக்கிறது ஒரே வீடுதானே? அதுக்கு உழைச்சது யாரு? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் மானத்தைப் பற்றிப் பேசலாம்.

அம்மா வாங்குறதுக்கும் நம்ம நாட்டுல வழி இருக்கு. 1986-ல் ஆரம்பிக்கப்பட்ட தேசிய அடமான நிறுவனம் சாகாமாஸ். அது நடத்துகிற திட்டத்தின் பெயர் ஸ்கிம் சாராஆன் பெர்ச்சாகார், சுருக்கமா எஸ்எஸ்பி. 55 வயசுக்கு மேற்பட்ட மலேசியர், தான் குடியிருக்கும் சொந்த வீட்டை அடமானமா வச்சு, உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் பணம் பெறலாம். வீட்டிலேயே இருக்கலாம். உயிரோடு இருக்கும்போது தவணை கட்ட வேண்டியதில்லை. காலத்துக்குப் பிறகு, பிள்ளைகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம். இல்லையென்றால் வீடு விற்கப்பட்டு, கடன் போக மிச்சம் அவர்களுக்கு வரும்.

வித்தியாசம் புரியுதுங்களா? மகன் வாங்கின கடன் தவறினா, பாட்டி உயிரோடு இருக்கும்போதே வீடு போகும். இதில் வீட்டுக் கணக்கு முடிவது பாட்டி காலத்துக்குப் பிறகுதான்.

இதை நாங்க தூக்கி வச்சு ஆடவும் இல்லை. வட்டி கடன்மேல ஏறிக்கிட்டே போகும். வருஷம் ஆக ஆக பிள்ளைகளுக்கு மிஞ்சுவது குறையும். நம்ம பக்கம் வீட்டு விலை கோலாலம்பூர் விலை இல்லை, அதனால மாதத் தொகையும் சின்னதாத்தான் இருக்கும். வீடு இருக்கும் இடம், நிலை எல்லாம் பார்த்துத்தான் எடுப்பாங்க. சுக்கை பிந்து கட்டணும், வீட்டைப் பராமரிக்கணும். கணவன் மனைவி இருவரும் இருந்தா, இருவர் பேரும் ஒப்பந்தத்தில் இருக்கான்னு கேட்டே ஆகணும். கையெழுத்துக்கு முன்னால ஏகேபிகே ஆலோசனைக்குப் போகணும். பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த முகமை அது, காசு கேட்க மாட்டாங்க.

சிங்கப்பூரில் 2009 முதல் முதியவர்கள் வீவக வீட்டுக் குத்தகையின் கடைசிப் பகுதியை அரசிடமே விற்று, அதே வீட்டில் இருந்துகொண்டு மாத வருமானம் பெறுகிறார்கள். இந்தியாவில் 2007 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் இதே மாதிரித் திட்டத்தை அறிவித்தார். ஆனால் அங்கே எடுத்தவர்கள் குறைவு. "வீடு பிள்ளைக்குத்தான்" என்ற எண்ணம் அங்கேயும் அதேதான். ஒன்று மட்டும் அங்கே உண்டு: பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிவிட்டுப் பெற்றோரைக் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மாற்றத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்தச் சட்டம் இங்கே செல்லாது. பேரை மாத்திட்டா மாத்தினதுதான்.

"இப்ப மாத்தினா ஸ்டாம்ப் டூட்டி இல்லைங்க"ன்னு புரோக்கர்கள் சொல்றாங்க. உண்மைதான். 2023 ஏப்ரல் 1 முதல் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தால் முதல் 1 மில்லியன் வெள்ளிக்கு விலக்கு உண்டு. சலுகை இருக்கிறது என்பதற்காகத் தலைக்கு மேலிருக்கும் கூரையைத் தூக்கிக் கொடுப்பதா? பிள்ளைக்குக் கொடுக்கணும்னா உயில் எழுதுங்க. உயிலே இல்லைன்னாலும் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி துணைவருக்கும் பிள்ளைகளுக்கும், பெற்றோர் இருந்தா அவங்களுக்கும்தான் போகும். யாரும் தூக்கிக்கிட்டுப் போக மாட்டாங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு. "கிராண்டை மட்டும் கொடுங்க, நாளைக்கே காசு" என்பார்கள். கடன் என்று சொல்லி, வீட்டு விற்பனை ஒப்பந்தத்திலும் சுராட் குவாசாவிலும் கையெழுத்து வாங்கிடுவாங்க. லைசென்ஸ் உள்ள வட்டிக்காரர் அடமானக் கடனுக்கு வருஷம் 12 விழுக்காடு, அடமானம் இல்லாததற்கு 18 விழுக்காடுதான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் அவன் ஆலோங். வேறு பேர் கிடையாது.

இனிமேல் கோவில் வாசலில் கடன் நோட்டீஸ் கொடுக்க வருபவர்களை நாங்க நிறுத்துவோம். எந்தக் கடுதாசி வந்தாலும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால எங்ககிட்ட கொண்டு வாங்க. நாங்க லோயர் இல்லை. ஆனா படிச்சுச் சொல்வோம், ஏகேபிகேக்கு வண்டியில கூட்டிக்கிட்டுப் போவோம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கோபுரத்துக்குக் கொடுத்த உபயத்தைக் கல்வெட்டுல பாத்து சந்தோஷப்படுறீங்க. நல்லது. அம்மா பேரு வீட்டு கிராண்டுல இருக்கட்டும். அதுவும் ஒரு கல்வெட்டுதான், அவங்க உயிரோடு இருக்கும் வரைக்கும் அதை அழிக்காதீங்க.

அம்மன் துணை. பகிருங்கள்.