கூடைக்கும் கயிற்றுக்கும் விலை கேட்பவர்கள்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, நான் மதிக்கும் வாசகர் ஒருவர் சொன்னார்: மலையேறப் போய் வழிதவறுபவர்களை மீட்க அரசு செலவிடும் ஒவ்வொரு ரூபாயையும் அவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும். சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தனர். சற்று நேரத்தில், மகனைப் பறிகொடுத்த ஒரு தாயைப் பற்றிப் பேச்சு திரும்பியது. அதே நண்பர், "ஏதாவது கைவேலை கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். துக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. கையில் நாலு காசும் சேரும்" என்றார். அதற்கும் தலையசைத்தனர்.

இவை தொடர்பற்ற இரு கருத்துகளாகத் தோன்றலாம். எனக்கு அவை ஒரே மனநிலையின் இரு முகங்கள். எந்த இழப்பையும் பேரேட்டில் ஒரு வரியாக எழுதி, கீழே கோடு போட்டு முடித்துவிடத் துடிக்கும் மனநிலை அது. அன்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மீட்புச் செலவு. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா அருகே ஒரு குன்றின் செங்குத்துப் பாறை இடுக்கில் ஓர் இளைஞர் ஏறத்தாழ இரண்டு நாட்கள் உணவும் நீருமின்றிச் சிக்கியிருந்தார். ராணுவ வீரர்கள் கயிறு கட்டி இறங்கி அவரை மேலே கொண்டுவந்தார்கள். நாடே கைதட்டியது. அந்த ஓசை அடங்குவதற்குள், இதற்கு எத்தனை லட்சம் செலவு, யார் கொடுப்பது என்ற கணக்கு தொடங்கிவிட்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்து, 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்போதும் உடல்கள் ஊர் வந்து சேருமுன்பே, இவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த மலையில் முதலில் ஏறி, எரிந்தவர்களைப் போர்வையில் கிடத்திச் சுமந்து இறக்கியவர்கள் உள்ளூர் மக்கள். அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு மலையடிவாரத்தில் நிற்கவில்லை.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு நடைமுறையையே பேசுவோம். மீட்பைக் காசாக்கினால் என்ன ஆகும்? கணுக்கால் பிசகியவன் உதவி கேட்கத் தயங்குவான். இருட்டும் வரை தானே இறங்கிவிட முயல்வான். பகலில் எளிதாக முடிந்திருக்கக்கூடிய வேலை, நள்ளிரவில் மழையில் மீட்பவர்களின் உயிருக்கும் ஆபத்தாக வந்து நிற்கும். இது என் கற்பனை அல்ல. அமெரிக்காவில் மலைமீட்புப் பணியைச் செய்பவர்களின் அமைப்பே, மீட்புக்குக் கட்டணம் கூடாது என்று இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் வாதிட்டு வந்திருக்கிறது. அந்நாட்டின் தேசியப் பூங்காக்களில் மீட்புக்குக் கட்டணம் இல்லை. பிரிட்டனில் 1824 முதல் கடலில் தத்தளிப்பவர்களைக் காக்கும் உயிர்மீட்புப் படகு நிறுவனம் நன்கொடையில் நடக்கிறது. மீட்கப்பட்டவனிடம் அது காசு கேட்பதில்லை. அங்கே மலைமீட்புக் குழுக்களில் இருப்பவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

அலட்சியக்காரனை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போகிறவனுக்கு அபராதம் விதியுங்கள். சட்டத்தை மீறியதற்கான தண்டனை அது. அதை உயிருக்கான விலையோடு குழப்பக்கூடாது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கவனக்குறைவாக நடந்து சிக்கிக்கொண்டவர்களிடம் மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. அதே மாநிலம் 2015-ல் 25 டாலருக்கு ஓர் அட்டையை அறிமுகப்படுத்தியது. அதை முன்பே வாங்கியவர் கவனக்குறைவால் சிக்கினாலும் அவரிடம் செலவைக் கேட்பதில்லை. துணிந்து பொறுப்பின்றி நடந்தோ வேண்டுமென்றேயோ ஆபத்தை வரவழைப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சுவிட்சர்லாந்தின் வான்மீட்பு நிறுவனமான ரேகா பணமின்றித் தடுமாறியபோது, 1966-ல் மக்களிடம் ஆதரவாளர்களாகச் சேரும்படி கேட்டுக்கொண்டது. இன்றும் பெருமளவுக்கு அந்த ஆதரவாளர்களின் பணத்தில்தான் அது பறக்கிறது. ஆக, செலவை எல்லோரும் முன்கூட்டியே சிறுகச் சிறுகப் பகிர்ந்துகொள்ள வழியிருக்கிறது. விழுந்து கிடப்பவனின் மார்பில் விலைச்சீட்டைக் குத்த வேண்டியதில்லை.

இப்போது என் சொந்தக் காரணம். என் பெரியம்மாவின் இளைய மகன் பதினொரு ஆண்டுகளுக்கு முன் நண்பர்களுடன் மலைக்குப் போய்த் தவறி விழுந்தான். தீயணைப்புப் படையினரும் வனக்காவலர்களும், அந்த மலையை அறிந்த பழங்குடி இளைஞர்கள் சிலரும் மூன்று நாட்கள் தேடினார்கள். மூன்றாம் நாள் மாலை ஒரு பள்ளத்திலிருந்து அவன் உடலைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். அவர்களில் ஒருவரின் உள்ளங்கை கயிறு உரசித் தோலுரிந்திருந்ததைப் பார்த்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் வாசலில் நின்று, "கவர்மெண்டுக்கு எவ்வளவு வீண் செலவு" என்றார். உள்ளே இருந்த பெரியம்மாவுக்கு அது கேட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அவர் வயர் கூடை பின்னத் தொடங்கினார். சிறுவயதில் கற்றது. முதலில் சாதாரணப் பின்னல், பிறகு நெல்லிக்காய்க் கூடை, சிவன் கண் கூடை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பின்னுவார். மருந்து என்கிறார்களே, நான் பார்த்தேன், அது மருந்தாக இருக்கவில்லை. விரல்நுனி வெடித்து வயரில் ரத்தக்கறை படிந்தது. பாதி பின்னியதை அவிழ்த்துவிட்டு மீண்டும் தொடங்குவார். அவர் துக்கம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. துக்கத்துக்குக் கைகள் கிடைத்தன, அவ்வளவுதான்.

ஒரு மகளிர் குழுவினர் வந்து, கூடைகளைக் கண்காட்சியில் விற்றுத் தருவதாகச் சொன்னார்கள். நல்லெண்ணம்தான். கூடை ஒன்று என்ன விலை என்று கேட்டார்கள். பெரியம்மா பதில் சொல்லவில்லை. அவர்கள் போனபின் என்னிடம் சொன்னார்: "இதுக்கு நான் எப்பிடிடா வெல சொல்றது? அந்தப் புள்ளைங்க அன்னைக்கு எங்கிட்ட கூலி கேட்டாங்களா?"

அந்தக் கூடைகள் எல்லாம் தீயணைப்பு நிலையத்துக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் மலைமேல் குடியிருப்புக்கும் போயின. இன்றும் வருடம் ஒருமுறை போகின்றன. சோற்றுப் பாத்திரம் வைக்கப் பயன்படுவதாக ஒருமுறை ஒரு காவலர் சொன்னார்.

கைவேலையை விற்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. 1973-ல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் காணாமலாக்கப்பட்டவர்களின் மனைவியரும் தாய்மாரும் சாக்குத்துணியில் துணித்துண்டுகளை ஒட்டித் தைத்துப் படங்கள் செய்தார்கள். அர்பியேரா என்று பெயர். அவை வெளிநாடுகளில் விற்றன, அந்தப் பணத்தில் குடும்பங்கள் சாப்பிட்டன. ஆனால் அவர்கள் அவற்றில் தைத்தது ஆறுதலை அல்ல, 'அவர்கள் எங்கே?' என்ற கேள்வியை. அதே நாட்டில் கலாமா நகரத்துப் பெண்கள் அட்டகாமா பாலைநிலத்தில் மண்வெட்டியோடு ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 1990-ல் எலும்புத் துண்டுகள் கிடைத்தன. தேட வேண்டிய அரசு தேடாதபோது ஊசியும் மண்வெட்டியும் செய்த வேலை அது. 'மனம் ஆற' என்று அதற்குப் பெயர் சூட்டுவது அந்தக் கேள்வியின் வாயைப் பொத்துவதாகும்.

தொலைந்தவனைத் தேடிப்போவது ஒரு சமூகம் தன் உறுப்பினருக்குச் செய்யும் முதல் கடமை. அவன் எதற்காகப் போனான் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கடமைக்கு விலை வைக்கும் நாளில், பணமில்லாதவனின் தாய் பள்ளத்தின் விளிம்பில் தனியாக நிற்பாள். இழந்தவர் கையில் ஊசியையோ வயரையோ கொடுத்து 'சீக்கிரம் ஆறிவிடு' என்று அவசரப்படுத்துகிறவர்களும் அவளைத் தனியாகத்தான் விடுகிறார்கள்.

அந்த நண்பருக்கு ஒரு சிவன் கண் கூடை எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் கொடுப்பேன். விலை கேட்டால், மேலே உள்ளதைத்தான் சொல்வேன்.