பெயருக்கும் ஆதாரம் வேண்டும்: மலைப் பட்டியல்களில் உள்ளூர்ப் பெயர்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

மலைப் பட்டியல் வெளியிடுபவர்கள் உயரத்தில் காட்டும் கறாரைப் பெயரில் காட்டுவதில்லை. ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று எழுதினால் அளந்தது யார், எப்போது என்று கேட்க ஆளிருக்கிறது. பெயரோ பழைய ஆங்கில வரைபடத்திலிருந்தோ இன்னொரு பட்டியலிலிருந்தோ அப்படியே இறங்கிவிடுகிறது. 2024இல் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்த பிறகு இத்தகைய பட்டியல்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. அச்சில் வந்த பெயர் கைபேசி வரைபடத்துக்கும் வழிகாட்டிப் பலகைக்கும் போய்ச் சேர்ந்து, சில ஆண்டுகளில் ஊர்க்காரர் வாயிலேயே ஏறிவிடும். ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: ஒரு மலையின் பெயரை, அதை வழங்குவோர் யார், எங்கே எப்போது பதிவானது என்ற ஆதாரத்துடன்தான் அச்சிட வேண்டும். ஆதாரம் கிடைக்காவிட்டால் உயரத்தையும் அட்ச தீர்க்க ரேகைகளையும் கொடுத்துவிட்டுப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும்.

இதை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1802இல் லாம்டன் சென்னையில் தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணி, பின்னாளில் இமயம்வரை சென்றபோது உள்ளூர்ப் பெயரையே இடுவதை வழக்கமாக வைத்திருந்தது. அந்த வழக்கம் மீறப்பட்ட இடம்தான் உலகறிந்தது. 1856இல் அளவைத் துறைத் தலைவர் ஆண்ட்ரூ வா, உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு உள்ளூர்ப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லித் தமக்கு முன் பதவியிலிருந்த எவரெஸ்ட்டின் பெயரை முன்மொழிந்தார். அந்தப் பெயரை இந்திய மொழியில் எழுதவோ இந்நாட்டு மக்கள் உச்சரிக்கவோ முடியாது என்று எவரெஸ்ட்டே மறுத்தும், 1865இல் அது நிலைத்துவிட்டது. இத்தனைக்கும் அச்சிகரத்தின் திபெத்தியப் பெயரான சோமோலுங்மா என்பதை ஒட்டிய பெயர், டி'அன்வில் 1733இல் வெளியிட்ட வரைபடத்திலேயே இருந்தது. கிடைக்கவில்லை என்பதற்கும் தேடவில்லை என்பதற்கும் உள்ள தூரம் இதில் தெரிகிறது. இதன் மறுபக்கம் கே2. அதே 1856இல் அளவையாளர் மாண்ட்கோமரி காரகோரத்தின் இரு சிகரங்களைக் கே1, கே2 என்று குறித்துக்கொண்டார். முதலாவதற்கு மஷர்புரும் என்ற பெயர் உள்ளூரிலேயே வழங்கியது, இரண்டாவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. பின்னர் புழக்கத்துக்கு வந்த சோகோரி, வெளியிலிருந்து வந்த பயணிகள் பால்டி மொழிச் சொற்களைக் கோத்துச் செய்தது என்றே பலரும் கருதுகிறார்கள். உள்ளூர் வேடம் போட்ட அந்தப் பெயரைவிட, குறியீடு என்று வெளிப்படையாகத் தெரியும் கே2 நேர்மையானது.

நீலகிரியில் சிக்கல் வேறு வகை. அங்கே பெயருக்குப் பஞ்சமில்லை. தோடர், படகர், கோத்தர், குறும்பர், இருளர் என ஒரே மலைத்தொடரைத் தத்தம் மொழியில் அழைப்பவர்கள் இருக்க, வரைபடத்தில் ஏறியது பெரும்பாலும் ஒரு வழக்கு மட்டுமே. ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தோடர் குறித்த நூலும், எமனோ 1930களில் சேகரித்து 1971இல் நூலாக வந்த தோடர் பாடல்களும் இடப்பெயர்கள் நிறைந்தவை. பட்டியல் தயாரிப்பவர் மலையேறுவதற்கு முன் நூலகம் ஏறவேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். அடுத்தது கேட்கும் முறை. “இதை இன்ன மலைன்னு சொல்றாங்களே, சரிதானே?” என்று கேட்டால் “ஆமாங்க” என்ற பதில்தான் வரும், வெளியூர்க்காரர் முகத்துக்கு நேரே யாரும் மறுக்கமாட்டார்கள். தூரத்திலிருந்து கைகாட்டிக் கேட்டாலோ, காட்டியவர் உச்சியை நினைத்திருப்பார், சொல்பவர் அதன் கீழுள்ள சோலையையோ புல்வெளியையோ சொல்லியிருப்பார். அப்படித்தான் சரிவின் பெயர் சிகரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. மாடு எங்கே மேயும், தேனெடுக்க எந்தப் பக்கம் போவார்கள், திருவிழாவுக்கு எங்கே ஏறுவார்கள் என்று விசாரித்தால் பெயர்கள் தாமாக வரும். ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாத சிலரிடம் தனித்தனியே கேட்டு, ஒலிப்பதிவும் செய்ய வேண்டும். தோடர் மொழியின் ஒலிகள் பல தமிழ் எழுத்தில் அடங்காதவை. இப்படிச் சேர்ந்த பெயர்கள் இரண்டோ மூன்றோ ஆனால், எது சரி என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. எல்லாவற்றையும் அவற்றுக்குரிய சமூகத்தின் பெயரோடு அச்சிடுவோம். உச்சிக்கு மிக அருகே வாழ்ந்து அதைப் புழங்குவோரின் வழக்கு முதலில் நிற்கும்.

பழகிய பெயரை மாற்றினால் வழிதவறியவரைத் தேடும்போது குழப்பம் வரும் என்பது நாங்கள் அதிகம் கேட்கும் மறுப்பு. அலட்சியப்படுத்தக் கூடிய வாதமல்ல. ஆனால் டால்பின்ஸ் நோஸ் என்று ஒன்று குன்னூரிலும் இருக்கிறது, கொடைக்கானலிலும் இருக்கிறது. போதாததற்கு விசாகப்பட்டினத்திலும் உண்டு. மீட்புக்குழுவுக்குக் கைகொடுப்பது ஆயத்தொலைவுதான். பழைய ஆங்கிலப் பெயரை நாங்கள் அழிக்கச் சொல்லவும் இல்லை, ‘பிற வழக்கு’ என்று அடுத்த கட்டத்தில் அது இருக்கும். அரசு வரைபடத்தில் உள்ளதே அதிகாரபூர்வம், அதற்குமேல் ஆராய நீங்கள் யார் என்றும் கேட்கிறார்கள். அதிகாரபூர்வமும் மாறத்தான் செய்கிறது. வேல்ஸின் மிக உயர்ந்த மலையான ஸ்னோடனை இனி அதன் வேல்ஷ் பெயரான அர் விட்வா என்றே குறிப்பது என 2022இல் அங்குள்ள தேசியப் பூங்கா ஆணையம் முடிவெடுத்தது. உதகையைச் சூழ்ந்த குன்றுகளில் ஒன்று மட்டும் இன்னமும் ஸ்னோடனாக நிற்கிறது, தாய்நாட்டில் கைவிட்ட பெயரை நாம் காப்பாற்றித் தருவதுபோல!

எழுத்துக்கூட்டலில் எங்களுக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கையில் ஷெவராய் என்று எழுதுவது தேவையற்றது, அவ்வளவே. 2020 ஜூனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரே ஆணையில் மாற்றிய அரசு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. மலைகளுக்கும் அப்படி ஒட்டுமொத்தத் திருத்தம் கேட்கவில்லை; ஒவ்வொரு பெயராக, ஆதாரம் வந்த வரிசையில் மாறட்டும்.

புனிதமாகக் கருதும் மலையின் பெயரை அச்சிட வேண்டாம் என்று ஒரு சமூகம் சொன்னால் அச்சிடமாட்டோம். முக்கூர்த்தி போல, இறந்தோர் உலகத்துக்குப் போகும் வழியோடு தோடர் தொடர்புபடுத்தும் முகடுகள் இருக்கும் நாட்டில் அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. அத்தகைய கட்டமும் பெயர் கிடைக்காத கட்டமும் பட்டியலில் ஒன்றுபோலவே வெறுமையாக இருக்கும். எது எந்தக் காரணத்தால் என்று குறிக்கமாட்டோம்.