பெயர்ப்பலகை கேட்காத பணம்

புற்றுநோய்க்கு எதற்குத் தனி மருத்துவமனை, வருகிறவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள் என்று அந்தக் காலத்து அமைச்சர் ஒருவர் கேட்டதாக அடையாறு புற்றுநோய் நிலையத்தின் டாக்டர் வி. சாந்தா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வியை எதிர்கொண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சொந்தத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் சளைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் 1949-ல் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கிப் பொதுமக்களிடம் கையேந்தினார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி முதலில் இருந்தார். அடுத்த ஆண்டு சாந்தா வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் கண்மூடும் வரை அவருக்கு அந்த வளாகமே வீடு.

சென்னைக்காரர்களில் பலர் 'அடையாறு கேன்சர்' என்றால் ஏதோ அரசு ஆஸ்பத்திரி என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசு மானியம் உண்டுதான். ஆனால் அது பிறந்ததும் வளர்ந்ததும் நன்கொடையில். நாட்டின் முதல் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி 1957-ல் இங்கே வந்தபோது, அது கனடா கொடுத்த கொடை. 2005-ல் சாந்தாவுக்கு மகசேசே விருது அறிவித்தவர்கள், இங்கு வரும் நோயாளிகளில் 60 சதவீதம் பேர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுவதைக் குறிப்பிட்டார்கள். அந்த 60 சதவீதத்தின் பில்லை யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 'யாரோ' யார் என்பதுதான் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் வசதியாக இருக்கும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

கொடுக்கும் கைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் புறப்பாட்டன்று நான்கு மாட வீதிகளில் நின்று பாருங்கள். மோர், பானகம், புளியோதரை, விசிறி என்று யாருக்கு யார் கொடுக்கிறார்கள் என்றே தெரியாது. வாங்குகிறவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. அதே தெருக்காரர்கள் மருத்துவமனைக்குக் கொடுக்கும்போது மட்டும் கணக்கு மாறிவிடுகிறது. அப்பா பெயரில் ஒரு வார்டு, அம்மா நினைவாக ஒரு கட்டில், திறப்பு விழாவில் ஒரு ரிப்பன், சுவரில் ஒரு கல்வெட்டு. இதைக் குறை சொல்லவில்லை. அப்படி வந்த பணத்தில்தான் வார்டுகள் எழுந்தன, கருவிகள் வந்தன. ஆனால் கல்வெட்டு பதிக்க இடமில்லாத செலவுகள் சில உண்டு. உயிரைக் காப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அங்கேதான் பணம் வருவதில்லை.

கதிர்வீச்சையே எடுத்துக்கொள்வோம். நோயாளிகளின் பேச்சில் அது 'கரண்ட் வைப்பது'. பலருக்கு வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம். கரண்ட் வைப்பது சில நிமிட வேலை. மீதி நாளை எங்கே கழிப்பது? திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்மணியும் துணைக்கு அவருடைய மகனும் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. ரயில்வே பயணச் சலுகை தருகிறது. ஆறு வாரம் அடையாறில் ஒரு அறை வாடகை, விழுங்கத் தோதான கஞ்சி, மகன் இழக்கும் கூலி ஆகியவற்றை யார் தருவது? மூன்றாவது வாரம், கொஞ்சம் வலி குறைந்ததும், ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்புகிறவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் இது இன்னும் கொடுமை. குணப்படுத்தக் கூடிய நோய். ஆனால் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டு நீளும். பாதியில் நின்றால் அதுவரை கொடுத்த மருந்து அத்தனையும் வீண்.

இதைப் புரிந்துகொண்டு சிலர் செய்கிறார்கள். அடையாறில் ஸ்ரீமாதா டிரஸ்ட் வெளியூர் நோயாளிகளுக்கும் துணைக்கு வருகிறவர்களுக்கும் தங்க இடமும் சாப்பாடும் இலவசமாகத் தருகிறது. இனி குணமாக்க வழியில்லை என்றானவர்களின் வலியைத் தணிக்கும் வேலையைத் தி.நகரில் ஆர்.எம்.டி. அறக்கட்டளை செய்கிறது. இவற்றுக்குத் தேவை ஒரு முறை வரும் பெரிய காசோலையைவிட மாதா மாதம் தவறாமல் வரும் சிறிய தொகை. அரிசியும் சமையல்காரரின் சம்பளமும் மாதத்துக்கு ஒரு முறை வந்து நிற்கும் செலவுகள்.

ஆராய்ச்சியின் நிலைமை இன்னும் மோசம். ஆராய்ச்சி என்றதும் நமக்கு மைக்ரோஸ்கோப்பும் வெள்ளைக் கோட்டும் நினைவுக்கு வருகின்றன. சென்னையில் நடந்திருக்கும் புற்றுநோய் ஆராய்ச்சிகளில் முக்கியமான ஒன்று, பேரேடு எழுதும் வேலை. 1980-களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேட்டுப் பணியாளர்கள் அரசு மருத்துவமனை, நர்சிங் ஹோம், ஆய்வகம், மாநகராட்சியின் இறப்புப் பதிவு என்று ஏறி இறங்கி, நகரத்தில் யாருக்கு எந்த உறுப்பில் புற்றுநோய் என்று குறித்துவருகிறார்கள். ஒருவரே இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு விதமாக இனிஷியல் எழுதியிருப்பார். அவர் ஒருவர்தான் என்று கண்டுபிடித்துச் சேர்ப்பதும் ஆராய்ச்சிதான். சென்னைப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்துகொண்டே வருவதும், மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டதும் நமக்குத் தெரிகிறதென்றால் இந்தப் பேரேட்டால்தான். அந்த எழுத்தரின் சம்பளத்துக்கு நிதி திரட்டுகிறோம் என்று ஒரு சபாவில் உதவிக் கச்சேரி வைத்துப் பாருங்கள், எத்தனை டிக்கெட் விற்கும் என்று.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையத்தினர், அடையாறு மருத்துவர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து 2000-ல் தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் 30 முதல் 59 வயது வரையான கிராமத்துப் பெண்களைப் பரிசோதித்தார்கள். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்துக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், கோளாறுள்ள இடம் வெளுத்துக் காட்டும். அந்த ஒரே ஒரு பரிசோதனையும், தேவைப்பட்டவர்களுக்குச் செய்த சிகிச்சையும் கருப்பை வாய்ப் புற்றுநோயை 25 சதவீதமும் அதனால் வரும் மரணத்தை 35 சதவீதமும் குறைத்தன என்று 2007-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. இதற்கான பணமும் அறக்கொடைதான். சியாட்டிலில் இருக்கும் கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்து வந்தது. திண்டுக்கல் பெண்களைக் காக்கும் ஆய்வுக்கு சியாட்டிலிலிருந்து பணம் வர வேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

நிதி திரட்டுவதில் நாம் கற்க வேண்டியது பக்கத்திலேயே இருக்கிறது. 2011-ல் இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீட்டரை ஒரு கூட்டம் நடந்தே கடந்தது. போர் முடிந்து இரண்டே ஆண்டு. தமிழரும் சிங்களவரும் சேர்ந்து நடந்து திரட்டிய பணத்தில் யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. சில ஆண்டு கழித்து, 2016-ல், எதிர்த் திசையில் நடந்தார்கள். இந்த முறை காலி கராப்பிட்டியவில் புற்றுநோய் மருத்துவமனை கட்ட. வடக்குக்குத் தெற்கும், தெற்குக்கு வடக்கும் கொடுத்த கணக்கு அது. நம் ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்திருக்கும் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டமும் அந்த வகைதான். எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்து, 1980-ல் செயற்கைக் காலோடு புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட 143 நாள் கனடாவின் குறுக்கே ஓடிய இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். சட்டையும் மெடலும் கிடைக்கும் ஓட்டங்கள் சென்னையில் இப்போது பெருகிவிட்டன. ஓடி முடித்த பிறகு எவ்வளவு வசூல், சட்டைக்கும் மேடைக்கும் போக மருத்துவமனைக்குப் போனது எவ்வளவு என்று எத்தனை பேர் கேட்கிறோம்? மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக அக்டோபரில் கடைகளில் தொங்கும் இளஞ்சிவப்பு ரிப்பனிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

கேட்பது நன்றி கெட்டதனம் ஆகாது. வாட்ஸ்அப்பில் வரும் மொட்டைத் தலைக் குழந்தையின் படத்துக்கும் கியூஆர் கோடுக்கும் யோசிக்காமல் பணம் போட்டு, பிறகு ஏமாந்தோமோ என்று எல்லோர் மீதும் சந்தேகப்படுவதைவிட இது மேல். அந்தப் படம் மெய்யாகவே இருந்தாலும் ஒரு சங்கடம் இருக்கிறது: நாளை பிழைத்து வளர்ந்து வேலைக்குப் போகும் அந்தக் குழந்தை, தன் முகம் கைபேசி கைபேசியாகச் சுற்றியதற்கு யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? பணத்தை மருத்துவமனையின் கணக்குக்கே அனுப்பலாம். ரசீது வரும். நன்கொடைக்கான வரிச் சலுகை புதிய வருமான வரி முறையில் கிடையாது என்பதால் பல சம்பளக்காரர்கள் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றால், அவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தது யாருக்கு என்று ஒரு முறை யோசிக்க வேண்டும். நிறுவனங்களும் ஒன்று செய்ய வேண்டும். ஆண்டறிக்கையைத் தணிக்கையாளர் நடையில் மட்டும் போடாமல், நூறு ரூபாய் வந்தால் அதில் எவ்வளவு மருந்துக்கு, எவ்வளவு சம்பளத்துக்கு, எவ்வளவு ஆராய்ச்சிக்கு என்று ஒரு பக்கத்தில் தமிழில் போடட்டும். சம்பளத்துக்கு என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

நன்கொடை பெருகினால் அரசு ஒதுங்கிக்கொள்ளும் என்ற அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டத்தை 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது நல்ல விஷயம். அந்த அளவுக்குத் தடுப்பூசியை எந்த அறக்கட்டளையாலும் வாங்கிப் போட முடியாது. புகையிலையிலும் அப்படித்தான். புகையிலை போடும் பழக்கம் இருந்த அறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று இதே அடையாறு மருத்துவமனையில் இறந்தார். அடக்கத்துக்கு வந்த கூட்டம் உலகம் அறியும். அரை நூற்றாண்டு கழித்து, குட்கா தடை 2013-லிருந்து இருந்தும் பாக்கெட் கிடைக்கிறது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது எதிர்ப் பெட்டிக்கடையைப் பார்த்துப் புகார் கொடுக்க நன்கொடை தேவையில்லை, கொஞ்சம் முகத்தாட்சண்யத்தை விட்டால் போதும்.

பணமில்லாமல் செய்யக் கூடியது இன்னொன்றும் உண்டு. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பை வாய், மார்பகப் பரிசோதனை இலவசம். மந்தைவெளியிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் நாலு வீடு வேலை பார்க்கும் அக்காவுக்கு அங்கே போக நேரம் ஏது? அவர் வேலை முடிக்கும்போது அங்கே புறநோயாளிப் பிரிவு முடிந்திருக்கும். அடுக்ககச் சங்கங்கள் கூடிப் பேசி, வேலைக்கு வரும் பெண்களுக்கு ஆண்டில் ஒரு காலைப் பொழுது சம்பளத்தோடு லீவு கொடுக்கலாம். நாலு வீடும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதில் கஷ்டம். ஒரு வாட்ஸ்அப் குழுவில் தீர்கிற கஷ்டம்தான் அது.