கடையில் மின்னும் டிவி வீட்டில் ஏன் மங்குகிறது?

நாகர்கோவிலில் டிவி வாங்கப் போகும் குடும்பம் ஒன்றை ஒரு பத்து நிமிஷம் கவனித்தால் போதும். அப்பா விலை அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். பையன் "4கே தானே? எத்தனை ஹெர்ட்ஸ்?" என்பான். அம்மா மட்டும் "தம்பி, சீரியல் நல்லா தெரியுமா?" என்று கேட்பார். மூன்று பேரில் உருப்படியான கேள்வி கேட்டது அம்மாதான். ஆனால் விற்பனைத் தம்பி விளக்கமாகப் பதில் சொல்வதோ பையனுக்கு!

ஏன் அம்மாவின் கேள்வி பெரிய கேள்வி? கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும். சாதாரண எஸ்.டி. கேபிளில் வரும் படம் அதிகபட்சம் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளி. பெருக்கினால் 4,14,720. 4கே திரையிலோ 3840-க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளி. இதை அதனால் வகுத்துப் பாருங்கள், மிச்சமே இல்லாமல் 20 வரும். கேபிள்காரர் ஒரு புள்ளி கொடுத்தால் மீதி 19 புள்ளியை டிவியே ஊகித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் அப்ஸ்கேலிங் என்று பெயர். நல்ல டிவி கொஞ்சம் நன்றாக ஊகிக்கும், மட்டமான டிவி மோசமாக ஊகிக்கும். எப்படியானாலும் ஊகம் ஊகம்தான். இரண்டு கிலோ அரிசியில் நாற்பது பேருக்குச் சோறு போடச் சொன்னால் சமையல்காரர் என்ன செய்வார்? கஞ்சிதான் ஊற்றுவார்.

கடையில் ஓடுவது இந்தக் கஞ்சி இல்லை. டிவி கம்பெனியே எடுத்துக் கொடுத்த 4கே காட்சி. வெட்டிய பழம், கிளியின் சிறகு, ஐஸ்லாந்து அருவி. அதைப் பார்த்து 55 இன்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டில் எஸ்.டி. பெட்டியை மாட்டினால் கதாநாயகியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி தெரியும். டிவி மேல் குற்றமே இல்லை.

தமிழ்நாட்டில் டிவி ஒரு காலத்தில் தேர்தல் விஷயமாகவே இருந்தது. 2006 தேர்தலில் தி.மு.க. இலவச கலர் டிவி தருவதாகச் சொன்னது, ஆட்சிக்கு வந்ததும் கொடுக்கத் தொடங்கியது. 14 இன்ச் பெட்டி. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். இதை எதிர்த்துப் போன வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று சொன்னது. அரசியலை விடுங்கள். அந்த 14 இன்ச் பெட்டியில் கேபிள் படம் கனகச்சிதமாகத் தெரிந்தது! காரணம் எளிது. வருகிற சிக்னலுக்கு ஏற்ற திரை அது. இன்றைக்குத் திரை எங்கேயோ போய்விட்டது, பல வீடுகளில் வயர் மட்டும் அங்கேயே நிற்கிறது.

சரி, திரைக்குள் என்னதான் நடக்கிறது? விளம்பரம் குழப்புகிற இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

பழைய தொந்தி டிவியில் பின்னாலிருந்து எலக்ட்ரான் கதிர் வந்து கண்ணாடியின் உட்பக்கப் பூச்சில் மோதும், மோதிய இடம் ஒளிரும். அடுத்து வந்த எல்.சி.டி.யில் திரை தானாக ஒளிராது. பின்னால் ஒரு விளக்கு, முன்னால் லட்சக்கணக்கான குட்டி ஜன்னல்கள், அவ்வளவுதான். அந்த விளக்கு முதலில் குழல் விளக்காக இருந்தது, பிறகு எல்.இ.டி. ஆனது. இதைத்தான் "எல்.இ.டி. டிவி" என்று புதுப் பெயர் வைத்து விற்றார்கள். டியூப் லைட்டைக் கழற்றி எல்.இ.டி. பல்பு போட்ட வீட்டை புது வீடு என்று விற்பது போலத்தான் இது.

கியூ.எல்.இ.டி. என்பதும் அதே எல்.சி.டி. குடும்பம். விளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவே குவாண்டம் புள்ளிகள் கொண்ட ஒரு தாள். அந்தத் துகளின் அளவைப் பொறுத்து அது தரும் நிறம் மாறும். பெரிய விஞ்ஞானம்தான், இந்தப் புள்ளிகளுக்காக 2023-இல் பவேண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. நிறம் நன்றாக வரும், உண்மை. ஆனால் கறுப்பு கறுப்பாக வருமா? அதற்கு இந்தத் தாள் உதவாது. ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கு வழியே கொஞ்சம் வெளிச்சம் கசியத்தானே செய்யும்? அதைக் குறைக்க, பின்விளக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கறுப்பு வர வேண்டிய இடத்தில் மட்டும் மங்க வைக்கிறார்கள். விளக்கைச் சின்னதாக்கி ஆயிரக்கணக்கில் அடுக்கினால் மினி எல்.இ.டி. ஆகவே பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரைக் கேட்காமல் "பின்விளக்கு எத்தனை பகுதியாகப் பிரிஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மௌனம்தான் பதிலாக வரும் :-)

ஓ.எல்.இ.டி. மட்டும்தான் இந்தக் கூட்டத்தில் நிஜமாகவே வேறு சாதி. ஒவ்வொரு புள்ளியும் தானே விளக்கு. அணைத்தால் முழுக் கறுப்பு. இருட்டறையில் சினிமா பார்க்க இதற்கு ஈடு கிடையாது. சிக்கல் என்னவென்றால் அந்தப் புள்ளிகள் எரிய எரியத் தேயும். ஒரே படம் ஒரே இடத்தில் நாள் கணக்கில் நின்றால் அங்கே மட்டும் சீக்கிரம் தேய்ந்து நிரந்தரத் தழும்பு விழலாம். இப்போது தமிழ் செய்திச் சேனல் ஒன்றை மனதில் கொண்டு வாருங்கள். மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதன் கீழே ஓடும் எழுத்து, ஓரத்தில் கடிகாரம். காலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு பத்து வரை அதே சேனல் ஓடுகிற வீடுகள் குமரி மாவட்டத்தில் எத்தனை! புதுப் பெட்டிகளில் புள்ளியை லேசாக நகர்த்துவது, லோகோவை மங்கலாக்குவது போன்ற தற்காப்பு இருக்கிறது. இருந்தாலும் தழும்புக்கு வாரண்டியில் இடம் இல்லாமல் இருப்பதே வழக்கம். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஓ.எல்.இ.டி. வாங்குவது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நடவுக்கு இறங்குவது போல.

எச்.டி.ஆர். என்ற ஸ்டிக்கரும் அப்படித்தான். பல எச்.டி.ஆர். படங்கள் 1000 நிட்ஸ் வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாராகின்றன. விலை குறைந்த பெட்டிகள் பலவும் 250, 300-ஐத் தாண்டுவதில்லை. சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்ட முடியாது. பந்தியில் இலை போட்டார்கள், சாப்பாடு வரவில்லை என்ற கணக்கு.

இனி ஊருக்கு வரலாம். நாஞ்சில் நாட்டு வீடுகளில் முன்னறையில் இரண்டு பெரிய ஜன்னல் இருக்கும், கதவும் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். பளபளப்பான திரையில் பாதிப் படம் தெரு தெரியும். இங்கே கறுப்பின் ஆழத்தை விட வெளிச்சமும், பிரதிபலிப்பு குறைந்த மேற்பரப்பும் முக்கியம். இன்னொன்று, யாரும் நேர் எதிரே சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. தாத்தா ஓரத்துக் கட்டிலில், பாட்டி தரையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, பிள்ளை வாசற்படியில். எல்.சி.டி.யில் வி.ஏ., ஐ.பி.எஸ். என்று இரண்டு வகைத் திரை உண்டு. வி.ஏ.வில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளிறும். ஐ.பி.எஸ்.ஸில் கறுப்பு சுமார், ஆனால் எங்கே உட்கார்ந்தாலும் ஏறக்குறைய ஒரே படம். கூட்டுக் குடும்பத்துக்கு ஐ.பி.எஸ். தேவலை. பெட்டியில் இது எழுதியிருக்காது. கடையில் நாலு அடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், தானே தெரிந்துவிடும்.

அளவு? 43 இன்ச் ஃபுல் எச்.டி. திரையில் ஒரு புள்ளி சுமார் அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவர்கூட ஐந்தரை அடிக்கு அப்பால் போனால் அந்தப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எட்டு அடி தள்ளி உட்காருபவருக்கு 43 இன்ச்சில் 4கே-யும் ஃபுல் எச்.டி.யும் ஒன்றுதான். 4கே வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, அதற்கென்று தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதே இல்லை. மகன் துபாயிலோ தோஹாவிலோ இருப்பான். பெற்றோர் கருங்கலிலோ தக்கலையிலோ தனியாக. பாசத்தில் ஆன்லைனில் 55 இன்ச் ஸ்மார்ட் டிவி அனுப்பி வைப்பான். பெட்டியைத் திறந்தால் ரிமோட்டில் எண்களே கிடையாது! ஆன் செய்தால் கேபிள் வராது, நாலைந்து ஆப் படமும் விளம்பரமும் வரும். அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டுக்குப் போக வேண்டும், பிறகு இரண்டாவது ரிமோட்டை எடுத்துச் சேனல் மாற்ற வேண்டும். எழுபது வயதில் முழங்கால் வலியோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையை "மக்கா, கொஞ்சம் வந்து டிவிய வச்சுத் தா" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு நாள் கூப்பிடுவார்கள், மூன்றாம் நாள் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். வீட்டில் பேச்சுத்துணையே டிவிதான் என்று இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பல பெட்டிகளில் "ஆன் செய்தவுடன் கடைசி உள்ளீட்டுக்குப் போ" என்று ஒரு அமைப்பு உண்டு. மகன் வீடியோ காலில் ஐந்து நிமிஷம் செலவழித்து அதை மாற்றிக் கொடுத்தால் அந்த 55 இன்ச்சுக்கு அர்த்தம் வரும். கூடவே கேபிள்காரரிடம் எச்.டி. பெட்டிக்கு மாற்றிக் கேட்கட்டும். எல்லா விளம்பரச் சொற்களையும் விட அந்த ஒரு மாற்றம்தான் கண்ணுக்குத் தெரியும்.

காசு விஷயத்தில் இரண்டு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. "பத்து சதவீதம் விலை குறையும்" என்று பலரும் நினைத்தார்கள். அடக்கவிலை 25,000 என்றால் முன்பு 32,000, இப்போது 29,500. குறைவது 2,500. அதை 32,000-த்தால் வகுத்தால் 7.8 சதவீதம்தான். வரி அடக்கவிலையின் மேல் போடப்படுகிறது, வாங்குபவர் பார்ப்பதோ மொத்த விலையை. 32 இன்ச்சும் அதற்குக் கீழும் முன்பே 18-இல் இருந்ததால் அங்கே குறைய ஒன்றுமில்லை.

அடுத்தது தவணை. தவணை வியாபாரம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. வி.ஜி.பி.யில் விற்பனையாளராக வேலை பார்த்து, 1978-இல் சென்னையில் சொந்தக் கடை போட்டு, கடைசியில் கன்னியாகுமரி எம்.பி.யாக இருந்தபோது 2020-இல் காலமான வசந்தகுமார் அகஸ்தீஸ்வரத்துக்காரர்தானே. தவணை தப்பில்லை. "நோ காஸ்ட்" என்ற வார்த்தைதான் தப்பு. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: ரொக்கமாகக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி, தவணைக்காரருக்கு வட்டியாக மாறிவிடுகிறது. கூடவே பிராசஸிங் கட்டணம், கிரெடிட் கார்டு என்றால் வட்டிக்கு ஜி.எஸ்.டி. ரப்பர் பால் வெட்டுகிறவர் மழைக்காலத்தில் வேலை இல்லாமல் நிற்பார், தவணைக்கு மழை தெரியாது. "ரொக்கத்துக்கு என்ன விலை?" என்று முதலில் கேட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள் அண்ணாச்சி.

வாங்கிய பிறகு? குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசி இடியும் உண்டு. மின்னல் பெரும்பாலும் கரண்ட் வயர் வழியாக மட்டும் வரும் என்று நினைத்து ஸ்விட்சை அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். தெருக்கம்பம் கம்பமாகத் தாவி வரும் கேபிள் வயரிலும் அது வரும், பெட்டி வழியாக எச்.டி.எம்.ஐ. துளைக்குள் புகுந்து போர்டைக் கருக்கிவிடும். இடி கேட்டால் பிளக், கேபிள் இரண்டையும் பிடுங்க வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் போர்டு அரிக்கும், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே டிவியை மாட்டாதீர்கள். மழையில் ஊறும் வெளிச்சுவரும் வேண்டாம்.

முதல் முறை ஆன் செய்யும்போது "கடை", "வீடு" என்று பல பெட்டிகள் கேட்கும். அவசரத்தில் கடை என்று அழுத்தினால் வெளிச்சம் உச்சத்தில் நிற்கும், மாற்றி வைத்தாலும் திரும்பத் திரும்பப் பழையபடி ஆகும், கரண்டும் தின்னும். வீடு என்று கொடுங்கள். பில்லை பத்திரமாக வையுங்கள், அட்டைப் பெட்டியை ஒரு மாதமாவது தூக்கிப் போடாதீர்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது.