கடல் கடந்தவருக்கு மட்டும் காத்திருப்பா?

தில்லி கிட்வாய் நகரும் அதையடுத்த லட்சுமிபாய் நகரும் மத்திய அரசு ஊழியர்களான தமிழர்கள் பல்லாண்டுகள் வாழ்ந்த பகுதிகள். லட்சுமிபாய் நகரில் தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உள்ளது. கிழக்கு கிட்வாய் நகரின் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அங்கு வளர்ந்தவர்களில் சிலர் இன்று அமெரிக்க, கனடா குடிமக்கள். ஆனால், அவர்களுக்கு உரிய பூர்விக வீட்டுப் பங்கு கும்பகோணத்திலோ மயிலாப்பூரிலோ இருக்கிறது. அதை விற்க முனையும்போதுதான், நிரந்தரக் கணக்கு எண் எனப்படும் "பான்" எண்ணின் முக்கியத்துவம் புரிகிறது.

அண்ணன் தில்லியில், தங்கை டொரன்டோவில் என்று வைத்துக்கொள்வோம். வீட்டை விற்றதில் ஆளுக்கு ரூ. 60 லட்சம் கிடைக்கிறது. அண்ணனிடம் வாங்குபவர் பிடித்தம் செய்யும் வரி 1 சதவீதம், அதாவது ரூ. 60 ஆயிரம். தங்கைக்கோ, 2024 ஜூலை 23 முதல் அமலுக்கு வந்த 12.5 சதவீதப்படி ரூ. 7.5 லட்சம், அதன் மேல் கூடுதல் வரியும் தீர்வையும் உண்டு. வரி ஆதாயத்துக்குத்தான். எனினும், விற்பவரின் ஆதாயக் கணக்கு வாங்குபவருக்குத் தெரியாது என்பதால், முழு விலையின் மீதே பிடித்தம் செய்வது வழக்கமாகிவிட்டது. குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் கோரவும், அதிகம் பிடித்ததைத் திரும்பப் பெறவும் பான் எண் வேண்டும். எண் இல்லையேல் பணம் அரசிடமே தங்கிவிடும்.

அந்த எண்ணைப் பெறும் வழி இருவருக்கும் ஒன்றாக இல்லை. ஆதார் வைத்திருப்பவர் கட்டணமோ காகிதமோ இன்றி, சுமார் 10 நிமிடங்களில் மின்னணு பான் எண் பெறும் வசதியை 2020 மே 28-இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முறைப்படி தொடங்கிவைத்தார். வெளிநாட்டுக் குடிமக்களுக்கோ 2011-இல் 49ஏஏ என்ற தனிப் படிவம் வகுக்கப்பட்டது. கடவுச்சீட்டு அல்லது ஓசிஐ அட்டையின் நகல் அடையாளச் சான்றாக ஏற்கப்பட்டது. அந்நாட்டின் வேறு அடையாள ஆவணத்தைக் காட்டுவோர், அப்போஸ்டில் முத்திரையோ இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமோ பெற வேண்டியிருந்தது. அப்போஸ்டில் உடன்படிக்கை கனடாவில் அமலுக்கு வந்ததே 2024 ஜனவரியில்தான். சரி, ஆதார் பெற்றுக்கொள்ளலாமே என்றால், ஓசிஐ அட்டைதாரர் 12 மாதங்களில் 182 நாள்கள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும்.

முகம் தெரியாத அயல்நாட்டவருக்குச் சரிபார்ப்பின்றி எண் வழங்கினால், பினாமி பரிவர்த்தனைக்கும் கறுப்புப் பணத்துக்கும் கதவு திறந்துவிடும் என்பது அதிகாரிகள் தரப்பு வாதமாக இருக்கலாம். நியாயமான கவலைதான். ஆனால், ஓசிஐ அட்டை வழங்குவதே இந்திய அரசுதான். பூர்வீகம், குடியுரிமை, கடவுச்சீட்டு அனைத்தையும் பரிசீலித்த பிறகே அது தரப்படுகிறது. உள்துறை அமைச்சகம் சரிபார்த்த ஒருவரை நிதியமைச்சகம் ஏன் மீண்டும் காகித வரிசையில் நிறுத்த வேண்டும்?

இக்கேள்வி எழுந்திருக்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். பைஜயந்த் பாண்டா தலைமையிலான தேர்வுக்குழு ஆராய்ந்த பிறகு, 2025 ஆகஸ்ட் 11-இல் புதிய வருமான வரி மசோதா மக்களவைக்கு வந்தது. எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே சில நிமிடங்களில், விவாதமின்றி நிறைவேறியது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான ஒரு சட்டத்துக்கு அவை ஒதுக்கிய நேரம் அவ்வளவுதான். ஆளும் தரப்புக்கு அவசரம், எதிர்த் தரப்புக்கு வேறு போராட்டம். வாக்குரிமை இல்லாத அயலகத் தமிழருக்காகப் பேச எவருமில்லை.

இன்னமும் காலம் கடந்துவிடவில்லை. 2024 நவம்பர் 25-இல் ரூ. 1,435 கோடியில் "பான் 2.0" திட்டத்துக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது. ஆதாருக்கு அளிக்கும் மதிப்பை ஓசிஐ அட்டைக்கும் அளித்து, காகிதமின்றி எண் வழங்க அதில் வழி செய்யலாம். ஓசிஐ இல்லாதவர்களின் ஆவணங்களைச் சரிபார்த்து, விண்ணப்பத்தையும் அங்கேயே பெறும் பொறுப்பைத் தூதரகங்களிடம் ஒப்படைக்கலாம். தமிழக எம்.பி.க்கள் கட்சி பேதமின்றி இதை வலியுறுத்த வேண்டும்.

வரியைப் பிடிப்பதில் காட்டும் வேகத்தை, அதைக் கணக்குக் காட்டித் திரும்பப் பெறும் எண்ணை வழங்குவதிலும் காட்டுவதே நேர்மையான அரசுக்கு அழகு.