யாருக்கு அபூர்வம்?

பித்தப்பையை அகற்றும்போது பித்தக் குழாய் அறுபடுவது "அபூர்வமான விபத்து" என்கிறார்கள். ஆயிரத்துக்கு மூன்று, நான்கு பேருக்குத்தானாம்! யாருக்கு அபூர்வம் என்று நாம் கேட்கிறோம்.

கருவியை நாம் குறை சொல்லவில்லை. வயிற்றை நீளக் கிழிக்காமல், சில சிறு துளைகள் போட்டு, காமிராக் குழாய் வழியே பார்த்துப் பையை எடுப்பது விஞ்ஞானத்தின் வெற்றிதான். 1985ல் ஜெர்மனியில் எரிக் மூஹேயும், 1987ல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரேயும் செய்து காட்டினார்கள். வாரக்கணக்கில் படுத்துக் கிடந்த உழைப்பாளி சில நாட்களில் எழுந்து நடந்தான். இதை யார் வேண்டாமென்பார்கள்?

ஆனால் அமெரிக்காவில் நடந்தது என்ன? 1988ல் அங்கே நுழைந்த இம்முறை, 1992க்குள் பித்தப்பை ஆபரேஷன்களில் நூற்றுக்குச் சுமார் 80ஐப் பிடித்துக்கொண்டது. நான்கே வருஷம்! கருவிக் கம்பெனிகளுக்குச் சந்தை, ஆஸ்பத்திரிகளுக்கு விளம்பரம், கற்காத டாக்டருக்கோ நோயாளி கைநழுவிப் போவான் என்ற பயம். சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு, பன்றியின் மேல் பழக்கம், பிறகு மனிதன் மேல் கத்தி. இப்படிக் கிளம்பியவர்கள் பலர்.

ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பெரிய குழாயும், பித்தப்பையின் சிறு குழாயும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. பையை இழுத்துப் பிடிக்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் வந்து கண்ணை ஏமாற்றும். சிறியதென்று பெரியதை வெட்டினால் பித்தம் வயிற்றுக்குள் கசியும், காய்ச்சல், காமாலை, பிறகு குடலை எடுத்து ஈரல் குழாயோடு தைக்கும் பெரிய ஆபரேஷன். வெட்டியது அன்றே தெரியாமல் போவதும் உண்டு. வயிறு திறந்து செய்த காலத்தில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த காயம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிற்று. 5 லட்சம் பேரில் ஆயிரத்துக்கு நான்கென்றால் 2,000 பேர். இதற்குப் பெயர் அபூர்வம்!

1992ல்தான் நியூயார்க் மாநில சுகாதார இலாகா விழித்தது. தனியாகக் கத்தி எடுக்குமுன் மேற்பார்வையில் பத்துப் பதினைந்தாவது செய்திருக்க வேண்டும் என்றது. அதுவரை? 1995ல் ஸ்டிராஸ்பெர்க் குழுவினர் எளிய விதியொன்றை வகுத்தார்கள்: பைக்குள் போவது இரண்டே இரண்டு, ஒரு குழாய், ஒரு ரத்தக்குழாய் என்று பிரித்துக் கண்ட பிறகே வெட்டு. இதற்குச் செலவு சில நிமிஷம்.

ஆலையில் புது யந்திரம் இறக்கி, பழக்காமல் ஆளை நிறுத்தி, விரல் போனால் "கவனக்குறைவு" என்று எழுதும் முதலாளியை நமக்குத் தெரியும். அதே பேனாதான் இங்கே "அபூர்வம்" என்று எழுதுகிறது.

அறுபட்டவர்கள் எத்தனை பேர், செய்தவர் எத்தனை செய்து பழகியவர் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கணக்கை வெளியிடட்டும். பிறகு அபூர்வத்தைப் பற்றிப் பேசலாம்.